ஈபானா, ஜிபானா: சின்ன ஊர் ஆபரேட்டருக்கு எந்த ஓஎல்டி?

கேபிள் டிவி நடத்தி வந்தவர்கள் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் பலருக்கும் முதலில் கையில் கிடைத்தது ஈபான் ஓஎல்டிதான். ஓஎல்டி என்பது ஆபரேட்டர் அறையிலிருந்து ஒரே ஃபைபரில் பல வீடுகளுக்கு இன்டர்நெட் அனுப்பும் பெட்டி; வீட்டில் அதை வாங்கும் சின்னப் பெட்டி ஓஎன்யு; ஈபான், ஜிபான் இரண்டும் அவை பேசிக்கொள்ளும் இரு தரங்கள். விலை குறைவு, செட்டிங் எளிது, எந்தக் கடையில் வாங்கிய ஓஎன்யுவைச் செருகினாலும் வேலை செய்யும். இப்போது அந்தப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது, வாடிக்கையாளர் 200 எம்பிபிஎஸ் பிளான் கேட்கிறார், விற்பனைப் பிரதிநிதி "ஜிபானுக்கு மாறிடுங்க சார், ஸ்பீடு ரெண்டரை மடங்கு" என்கிறார்.

அவர் சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் ஸ்பீடை மட்டும் பார்த்து ஓஎல்டி வாங்குவது பாதி வேலை. இரவு ஒன்பது மணிக்கு நாற்பது வீட்டிலிருந்து போன் வரும்போது, ஆளை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று அந்தப் பெட்டி சொல்லுமா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இருந்தாலும் ஸ்பீடு கணக்கை முடித்துவிடுவோம். ஈபான் 2004-இல் ஐஇஇஇ 802.3ஏஎச் தரத்தில் வந்தது. போக்கிலும் வரத்திலும் லைன் வேகம் 1.25 ஜிபிபிஎஸ்; குறியீட்டு முறையிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய், கையில் நிற்பது 1 ஜிபிபிஎஸ். ஜிபான் ஐடியுவின் ஜி.984 தரம்: வாடிக்கையாளர் பக்கம் 2.488, அங்கிருந்து திரும்ப 1.244. ஒரு போர்ட்டில் 64 பேர் இருந்தால் ஈபானில் தலைக்கு 15 எம்பிபிஎஸ் சொச்சம், ஜிபானில் 38. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க மாட்டார்கள் என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஆனால் 200 எம்பிபிஎஸ் பிளானில் இருக்கும் ஐந்து பேர் ஒரே சமயத்தில் பெரிய டவுன்லோடு போட்டால் ஈபான் போர்ட் அங்கேயே நிரம்பிவிடும். 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பிளான் விற்காத ஊரில், போர்ட்டுக்கு முப்பது நாற்பது இணைப்போடு ஈபான் இன்னும் கௌரவமாகவே ஓடும். அப்லோடில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "ஜிபான் போட்டா சிசிடிவி கிளவுடு நல்லா ஏறும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.

ஈபானின் உண்மையான பலம் வேறு. அது ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே ஃபைபரில் அனுப்புகிறது. ஓஎன்யுவை மேக் முகவரியால் அடையாளம் காண்கிறது. விஎல்ஏஎன் (ஒரே வயரில் போகும் ட்ராஃபிக்கைப் பிரிக்கும் எண்) ஒன்றைப் போட்டு விட்டால், ஸ்விட்ச் தெரிந்த எந்தப் பையனும் சமாளிப்பான். ஜிபானில் சீரியல் எண், லைன் புரொஃபைல், சர்வீஸ் புரொஃபைல், டிகான்ட், ஜெம் போர்ட் என்று செட்டிங் படிகள் பல ஏறவேண்டும். முதல் வாரம் தலை சுற்றும். போதாததற்கு ஓஎம்சிஐ (ஓஎல்டி ஓஎன்யுவுக்குச் செட்டிங் அனுப்பும் முறை) தகராறு வேறு: ஒரு கம்பெனி ஓஎல்டியில் வேறு கம்பெனி ஓஎன்யு ஆன்லைன் என்று பச்சையாகக் காட்டும், ஆனால் பிபிபிஓஇ (வாடிக்கையாளரின் இன்டர்நெட் லாகின்) டயல் ஆகாது, விஎல்ஏஎன் அதற்குள் இறங்கியிருக்காது. ஜிபான் எடுப்பவர்கள் ஊரில் ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் ஓஎன்யு வகை ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கொண்டுபோய், வாங்கப்போகும் ஓஎல்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கவேண்டும்.

ஓஎன்யு விலை என்ற பழைய வாதம் இப்போது செல்லாது. சந்தையில் வருவதில் பெரும்பாலானவை எக்ஸ்பான். எதிரில் இருக்கும் ஓஎல்டியைப் பார்த்து ஈபானாகவோ ஜிபானாகவோ தானே மாறிக்கொள்ளும்.

ஃபால்ட் வந்தால்

வீட்டில் ஓஎன்யுவின் எல்ஓஎஸ் (வெளிச்சம் வரவில்லை என்னும்) விளக்கு சிவப்பாக எரிகிறது. லைன்மேன் கிளம்புவதற்கு முன் ஓஎல்டியில் மூன்று விஷயம் தெரியவேண்டும். விழுந்தது ஒரு ஓஎன்யுவா, ஒரு ஸ்ப்ளிட்டருக்கு (ஒரு ஃபைபரின் வெளிச்சத்தைப் பலவாகப் பிரிப்பது) கீழே உள்ள எட்டுமா, போர்ட் முழுவதுமா? கடைசியாக எதனால் விழுந்தது? விழுவதற்கு முன் வெளிச்சம் எவ்வளவு இருந்தது?

இதில் இரண்டாவது கேள்விதான் பெட்ரோல் செலவைத் தீர்மானிக்கிறது. கரண்ட் போகும் அந்தக் கண நேரத்தில் ஓஎன்யு "நான் போகிறேன்" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். இதற்கு டையிங் கேஸ்ப் என்று பெயர். இருபது ஓஎன்யு டையிங் கேஸ்ப் காட்டி விழுந்தால் அது மின்வாரியத்தின் பிரச்சினை, நாம் காப்பி குடிக்கலாம். அதே இருபதும் எல்ஓஎஸ் காட்டி விழுந்தால் எங்கோ ஜேசிபி வேலை நடக்கிறது. இந்த வசதி ஈபான் தரத்திலும் உண்டு, அது இல்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் பல வருடமாகப் பல கைகளில் வாங்கிய மலிவு ஓஎன்யுக்கள் கலந்து கிடக்கும் ஈபான் நெட்வொர்க்கில், பாதி பெட்டி கடைசிச் செய்தி அனுப்பாமலே போய்விடுகிறது. ஓஎல்டி திரையில் எல்லாமே வெறும் "ஆஃப்லைன்". ஜிபானில் இந்த அலாரங்கள் தரத்தின் அடித்தளத்திலேயே இருப்பதால், மலிவுப் பெட்டியில்கூட ஓரளவு நம்பலாம்.

அடுத்து வெளிச்ச அளவு. இதை டிபிஎம்மில் சொல்வார்கள், வழியில் குறைவதை டிபியில்; மைனஸ் எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. ஓஎன்யுவுக்கு வந்து சேரும் வெளிச்சம் மட்டும் போதாது, அந்த ஓஎன்யுவிலிருந்து ஓஎல்டிக்குத் திரும்பும் வெளிச்சமும் தெரியவேண்டும். ஓஎல்டி +4 டிபிஎம் அனுப்புகிறது, ஓஎன்யுவில் −23 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இழப்பு 27 டிபி. ஓஎன்யு +2 அனுப்பினால் ஓஎல்டியில் சுமார் −25 வரவேண்டும். ஆனால் −31 காட்டுகிறது. அதே ஃபைபர், அதே ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு), அதே கனெக்டர். அப்படியானால் ஃபைபரைக் குறை சொல்ல வழியில்லை, ஓஎன்யுவின் லேசர்தான் மங்கிவிட்டது. பவர் மீட்டரோடு போகும் ஆள் வீட்டில் −23 பார்த்து "வெளிச்சம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். வாடிக்கையாளர் மறுநாளும் கூப்பிடுவார். இந்தத் திரும்பும் அளவைக் காட்டாத ஓஎல்டியை, எந்தத் தொழில்நுட்பமானாலும், நான் வாங்க மாட்டேன்.

இன்னொரு தொல்லை, தன் முறைக்குக் காத்திருக்காமல் இடைவிடாமல் வெளிச்சம் விடும் ஓஎன்யு. ரோக் ஓஎன்யு என்பார்கள். ஒன்று கெட்டுப்போனால் போர்ட்டில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் விட்டு விட்டு விழுவார்கள், குற்றவாளி மட்டும் சமர்த்தாக ஆன்லைனில் இருப்பதும் உண்டு. நல்ல ஜிபான் ஓஎல்டிகள் இதைத் தானே கண்டுபிடித்து அந்த ஓஎன்யுவை நிறுத்தும். இல்லாவிட்டால் பழைய வழிதான்: ஒருவர் ஏணியில் நின்று ஸ்ப்ளிட்டரின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, மற்றவர் ஆபீஸில் திரையைப் பார்த்து, "அண்ணே, இப்ப நின்னுடுச்சு, அதேதான்" என்று போனில் சொல்லவேண்டும்.

வெளிச்சக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே

இரண்டும் 1490 நானோமீட்டரில் அனுப்பி 1310-இல் வாங்குபவை. ஆகவே "ஜிபான் போட்டா லோ லைட் பிரச்சினை தீர்ந்துடும்" என்று நம்பி மாறுபவர்கள் ஏமாறுவார்கள். கெட்ட ஃபைபர் எந்த ஓஎல்டிக்கும் கெட்டதுதான்.

ஜிபானின் பி பிளஸ் வகை எஸ்எஃப்பிக்கு (ஓஎல்டி போர்ட்டில் செருகும் லேசர் மாட்யூல்) 28 டிபி வரை இழப்புத் தாங்கும், சி பிளஸ்ஸுக்கு 32. ஒரு 1:8 ஸ்ப்ளிட்டர் பத்தரை டிபி சாப்பிடும். இரண்டு அடுக்கு 1:8 என்றால் 21. எட்டு கிலோமீட்டர் ஃபைபருக்கு கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8. ஸ்ப்ளைஸ், கனெக்டர்களுக்கு ஒன்றரை. கூட்டினால் 25.3. பி பிளஸ்ஸில் கையிருப்பு மூன்று டிபிக்கும் குறைவு. மழையில் ஒரு ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கினால் அது காலி. இரண்டாவது அடுக்கை 1:16 ஆக்க ஆசைப்பட்டால் சி பிளஸ் இல்லாமல் நடக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஓஎல்டி அறைக்குப் பக்கத்து வீட்டில் −8 டிபிஎம்முக்கு மேல் வெளிச்சம் போனால் ஜிபான் ஓஎன்யு கூசிப்போய் எரர் கொட்டும், அங்கே வெளிச்சத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வைக்கவேண்டும்.

நம்மூரில் ஸ்ப்ளிட்டரைவிடக் கப்ளர்தான் அதிகம். நீளமான கிராமத்து ரோட்டில் போஸ்டுக்குப் போஸ்ட் 10:90 கப்ளர் வைத்துப் பத்து சதவீதத்தை வீடுகளுக்கு எடுத்து, தொண்ணூறை முன்னே அனுப்புவார்கள். பத்து சதவீதக் காலில் பத்து டிபிக்குக் கொஞ்சம் மேல் இழப்பு, தொண்ணூறில் அரை டிபி சொச்சம். நடுவில் ஒருவர் தன் பக்கத்து வீடுகளுக்கு வெளிச்சம் போதவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் 20:80 ஆக மாற்றினால், அதற்கப்புறம் உள்ள எல்லாருக்கும் இன்னொரு அரை டிபி குறையும். இப்படி மூன்று பேர் உதவி செய்தால் ரோட்டின் கடைசி வீடு விழும். பெட்டியை மாற்றும் முன் கப்ளர் வரிசையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு காலிலும் என்ன அளவு என்று பவர் மீட்டரால் எழுதி வையுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

பச்சை கனெக்டரை நீலத்தில் செருகும் வழக்கத்தையும் அப்போதே நிறுத்திவிடலாம். பச்சை சாய்வாகத் தேய்த்த முனை, நீலம் நேர் முனை. இரண்டும் முழுசாகச் சேராது, இழப்பும் எதிரொளிப்பும் வரும்.

அதே ஃபைபரில் 1550-இல் கேபிள் டிவியும் ஓட்டுபவர்களுக்கு ஒரு இலவச அலாரம் இருக்கிறது. ஃபைபர் எங்காவது மடங்கினால் நீண்ட அலைநீளம்தான் முதலில் அடிவாங்கும், டிவி ரிசீவருக்கு வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். அதனால் நெட் நன்றாக ஓடும்போதே டிவியில் புள்ளி விழுந்தால், சுவர் மூலையிலோ ஜன்னல் இடுக்கிலோ டிராப் கேபிள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியைப் புரட்டிப் பார்க்கவேண்டியது

எட்டு போர்ட் ஜிபான் ஓஎல்டி முழுசாக ஓடினால் கிட்டத்தட்ட 20 ஜிபிபிஎஸ். அதன் அப்லிங்க் (இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்) எல்லாம் 1 ஜி என்றால் மேலே பேசிய ஸ்பீடு கணக்கு அத்தனையும் வீண்; 10ஜி எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் இரண்டாவது வேண்டும். பவர் சப்ளை இரண்டு, ஒன்று இன்வெர்ட்டரில், மற்றது நேர் லைனில் அல்லது 48 வோல்ட் பேட்டரியில். ஃபேன் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் ஏசி இல்லாத ஷட்டர் அறையில் மே மாதம் முதலில் சாவது அதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் விலை மலிவான பெட்டிகளை நம்பாதீர்கள். 2020 ஜூலையில் சில சீன ஓஎல்டி மாடல்களில் டெல்நெட் (தொலைவிலிருந்து பெட்டிக்குள் லாகின் செய்யும் பழைய முறை) வழியாக உள்ளே நுழையும் மறைவுக் கணக்குகள் இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஈபானோ ஜிபானோ, மேனேஜ்மென்ட் ஐபியைத் தனி விஎல்ஏஎன்னில் வையுங்கள், பப்ளிக் ஐபி கொடுக்காதீர்கள், டெல்நெட்டை மூடுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். 2021 ஜூன் 15 முதல் உரிமம் பெற்றவர்கள் நெட்வொர்க்கில் புதிதாகச் சேர்க்கும் கருவிகள் "நம்பகமான மூலம்" என்று அரசு ஏற்றவையாக இருக்கவேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டிஇசியின் கட்டாயப் பரிசோதனைச் சான்றும் பார்க்கவேண்டும். நீங்கள் பெரிய ஐஎஸ்பிக்குக் கீழே பார்ட்னராக இருந்தால், எந்த மாடலை ஏற்பார்கள் என்று அவர்களிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு ஆர்டர் போடுங்கள். போனில் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் பற்றி ஒரு வார்த்தை. பத்து ஜிபிபிஎஸ், 1577, 1270 அலைநீளங்கள், அதனால் ஜிபானோடு ஒரே ஃபைபரில் சேர்ந்து ஓடும். சின்ன ஊருக்கு இன்றைக்குத் தேவை இல்லை. ஆனால் ஜிபான் பக்கம் சாய இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு எது

புதிய ஏரியா என்றால் யோசிக்கவே வேண்டாம்: ஜிபான், சி பிளஸ் எஸ்எஃப்பி, எக்ஸ்பான் ஓஎன்யு. ஓடிக்கொண்டிருக்கும் ஈபானில் போர்ட்டுக்கு நாற்பதுக்குக் கீழே இணைப்பு, சின்ன பிளான்கள், புகார் குறைவு என்றால் அதைத் தொடவேண்டாம். அந்தப் பணத்தில் ஃபைபர் எங்கே அறுந்தது என்று காட்டும் ஒரு ஓடிடிஆரோ நல்ல ஸ்ப்ளைசிங் மெஷினோ வாங்குங்கள், பலன் அதிகம்.

நிரம்பிப்போன ஈபானை மாற்றுவதென்றால், இரண்டும் ஒரே அலைநீளம் என்பதால் ஒரே ஸ்ப்ளிட்டர் மரத்தில் சேர்த்து ஓட்ட முடியாது. ஒவ்வொரு போர்ட்டாகத்தான் போகவேண்டும். முதலில் அந்தப் போர்ட்டில் எத்தனை எக்ஸ்பான், எத்தனை ஈபான் மட்டும் என்று மாடல் பெயரோடு பட்டியல் எடுங்கள். ஈபான் மட்டும் உள்ளவற்றை முந்தைய இரண்டு வாரத்தில், வேறு புகாருக்குப் போகும்போதே எக்ஸ்பானாக மாற்றிவிடுங்கள். சீரியல் எண்களை ஜிபான் ஓஎல்டியில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். அப்புறம் ஒரு நாள் அதிகாலை ஐந்து மணிக்கு அந்த ஒரு பேட்ச் கார்டை (குட்டி ஃபைபர் கேபிள்) ஈபான் போர்ட்டிலிருந்து ஜிபான் போர்ட்டுக்கு மாற்றுங்கள். வராத ஓஎன்யுக்களின் பட்டியல் ஆறு மணிக்குள் கையில் இருக்கும். பழைய ஈபான் போர்ட்டை இன்னொரு வாரம் அணைக்காமல் வைத்திருங்கள், திரும்பிப் போக ஒரு வழி வேண்டும்.