கூத்துக் கிரீடம் களவு போனால் எங்கே போய்க் கேட்பது: சத்துவாச்சாரியிலா, அமெரிக்காவிலா?

பெரியப்பாவின் கூத்துக் கிரீடத்தில் இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது கண்ணாடிச் சில்லில் குறுக்கே ஒரு விரிசல் உண்டு. அணைக்கட்டுப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் போர் முடிந்த விடியற்காலையில், கழற்றும்போது கைதவறி விழுந்து பட்ட அடி அது. அந்தக் கிரீடத்தைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் செய்தபோது விரிசலையும் விடாமல் வரைந்து வைத்தேன். ஒரு மெய்நிகர் உலகத்தின் சந்தையில், அவதாரங்களுக்கு, அதாவது அங்கே உலவுகிறவர்களின் உருவங்களுக்கு, மாட்டும் அணிகலனாக அதை விற்று வந்தேன். போன வருடம் அதே சந்தையில் வேறொருவர் பாதி விலைக்கு விற்ற 'இந்திய ராஜா கிரீடம்' ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், இடது பக்கம் மூன்றாவது சில்லில் அதே விரிசல்.

விற்றவர் எந்த நாட்டுக்காரர் என்று அப்போது தெரியாது, சந்தையை நடத்தும் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். இப்படி மாட்டிக்கொண்டவருக்கு எந்த வழி எவ்வளவு தூரம் கூட வரும் என்பதைத்தான் அலசப் போகிறேன். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதும் நடப்பதும் ஒன்றாக இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூத்துக் கிரீடம் வடாற்காட்டுக்கே சொந்தம், அதற்கு நான் உரிமை கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. நான் செய்த மெஷ் (முப்பரிமாண வடிவம்), அதன் மேல் நான் தீட்டிய டெக்ஸ்சர் (மேற்பரப்பு ஓவியம்), இவைதான் என்னுடையவை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டொயோட்டா கார்களை அச்சு அசலாக முப்பரிமாண மாதிரியாக்கிய மெஷ்வெர்க்ஸ் நிறுவனத்துக்கு, அதில் சொந்தக் கற்பனை எதுவும் இல்லை என்று சொல்லி 2008-இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையை (காப்பிரைட்டை) மறுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில் நம் உச்ச நீதிமன்றமும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத் திறன் தெரிய வேண்டும் என்றது. ஆக விரிசல், அவர் என்னிடமிருந்துதான் எடுத்தார் என்பதற்குச் சாட்சி. உரிமையைத் தருவது, கிரீடத்தில் உள்ள மயிலை நான் எப்படிச் சுருக்கினேன், சில்லுகளில் எதை விட்டு எதை வைத்தேன், எந்தச் சிவப்பைத் தேர்ந்தேன் என்பதெல்லாம்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் எடுப்பது டிஎம்சிஏ நோட்டீஸ், அதாவது நகலை நீக்கச் சொல்லிச் சந்தையை நடத்தும் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸ். 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டம் என்றாலும் அனுப்புகிறவர் எந்த நாட்டிலும் இருக்கலாம், வக்கீல் வேண்டாம், செலவு கிடையாது. உங்கள் படைப்பு எது, நகல் எங்கே இருக்கிறது, நீங்கள் யார் என்று எழுதி, உரிமையாளர் நான்தான் என்று பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதிசொல்லிக் கையெழுத்திட வேண்டும். நான் அனுப்பிய நான்காம் நாள் அந்தக் கிரீடம் மறைந்தது. இரண்டு வாரத்தில் வேறொரு கணக்கில் முளைத்தது, மறுபடி அனுப்பினேன், மறைந்தது, மறுபடி முளைத்தது. மூன்றாவது முறை, நீக்கியது தவறு என்று விற்றவரிடமிருந்து எதிர் நோட்டீஸ் வந்தது. இந்த வழியின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. எதிர் நோட்டீஸ் வந்த பிறகு, 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நான் வழக்குப் போட்டதாகத் தெரிவிக்காவிட்டால் கம்பெனி பொருளைத் திரும்ப வைக்கலாம். எதிராளி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும், அந்தக் கம்பெனி இருக்கும் பகுதியின் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று அதில் எழுதித் தருகிறார். அவர் அப்படி எழுதித் தந்துவிடலாம், ஆனால் பதினான்கு வேலை நாளில் சத்துவாச்சாரியிலிருந்து கலிஃபோர்னியாவில் வக்கீல் வைத்து வழக்குப் போட என்னால் எப்படி முடியும்? நாட்கள் ஓடின, கிரீடம் மறுபடி கடைக்கு வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது உள்ளூர் நீதிமன்றம். இந்த வழியை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நம் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, உரிமையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது. எனக்கு நடந்து போகும் தூரம். 63-ஆவது பிரிவின்படி குற்ற வழக்கும் உண்டு, மூன்று வருடம் வரை சிறை. இந்தக் குற்றத்தில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. நகலெடுத்தவர் ஆம்பூரிலோ ஐதராபாத்திலோ இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்றிக்கொள்ள ஏற்பாடு உள்ள நாடுகளின் நம் பட்டியலில் இங்கிலாந்து, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகமெல்லாம் இருக்கின்றன, அமெரிக்கா இல்லை. இங்கே வாங்கிய தீர்ப்பை அங்கே கொண்டுபோனால் அதை வைத்துப் புதிதாக ஒரு வழக்குத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்காவிலேயே போய்க் கேட்பது. ஒருவர் நாட்டுப் படைப்பை மற்றவர் நாடும் காக்க வேண்டும் என்கிற பெர்ன் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால், வெளிநாட்டில் முதலில் வெளியான படைப்புக்கு அங்கே பதிவு இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் வக்கீல் செலவும் வேண்டுமென்றால், களவு தொடங்குவதற்கு முன்போ வெளியிட்ட மூன்று மாதத்துக்குள்ளோ அங்கே பதிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த வக்கீலும் ஒரு கிரீடத்துக்காக வரமாட்டார். 2022 ஜூனில் தொடங்கிய காப்புரிமைக் கோரிக்கை வாரியம் சின்ன ஆட்களுக்கென்றே வந்தது, கட்டணம் 100 டாலர், உச்ச வரம்பு 30,000 டாலர், எல்லாம் ஆன்லைனில். ஆனால் எதிராளி அமெரிக்காவில் இருக்க வேண்டும், அவர் 60 நாளுக்குள் விலகிக்கொண்டால் அத்தோடு முடிந்தது, அங்கே பதிவுக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: அவதாரத்துக்குப் பின்னால் இருப்பவர் யார்? செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் 2006-இல் காப்பிபாட் என்ற கருவி வந்து, 'நகலெடுக்கக் கூடாது' என்று பூட்டிய பொருட்களையும் உருவி எடுத்தது. நம் திரையில் தெரிய வேண்டிய எதுவும் நம் கணினிக்கு வந்தாக வேண்டுமே, எந்தப் பூட்டும் அங்கே நிற்காது. அடுத்த வருடம், அந்த உலகத்தில் பொருள் விற்று வந்த ஈராஸ் என்ற நிறுவனம் ஃபுளோரிடாவில் முகம் தெரியாத அவதாரத்தின் மீதே வழக்குப் போட்டு, அந்த உலகத்தை நடத்தும் கம்பெனியிடமிருந்தும் பணம் கைமாறிய வழியிலிருந்தும் நீதிமன்றம் மூலம் விவரம் வாங்கி ஆளைக் கண்டுபிடித்தது. அதே டிஎம்சிஏ சட்டத்தில் 512(எச்) என்று ஒரு பிரிவு இருக்கிறது, முழு வழக்குப் போடாமலே நீதிமன்ற எழுத்தரிடம் சப்பீனா (தகவல் தரச் சொல்லும் ஆணை) வாங்கி விற்பவரின் விவரத்தைக் கேட்கலாம். இதை நான் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான்.

என் முடிவு என்ன என்று கேட்டால், நோட்டீஸ் முதலில், தயங்காமல். ஆளைத் தேடி அலைவதைவிடக் கடையைப் பிடிப்பது சுலபம், கடை எங்கே என்று தெரியும். ஆனால் எதிர் நோட்டீஸ் வரும் என்று நினைத்தே முதல் நோட்டீஸை எழுதுங்கள். பிளெண்டர் கோப்பின் பழைய பதிப்புகள், தேதியோடு படங்கள், விற்பனைப் பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும். எதிர் நோட்டீஸில் ஆளின் பெயரும் முகவரியும் இருக்கும், அவர் எந்த நாட்டவர் என்பது அப்போதுதான் தெரியவரும், அதை வைத்து இந்தியா என்றால் உள்ளூர் நீதிமன்றம், அமெரிக்கா என்றால் வாரியம் என்று பிரியலாம். எனக்கு வந்த முகவரி இரண்டும் இல்லாத மூன்றாவது நாடு. அதனால்தான் நான் தோற்றேன், வழி தெரியாததால் மட்டும் இல்லை. அந்த மூன்றாவது நாட்டுக்காரரைச் சத்துவாச்சாரியிலிருந்து பிடிக்க இன்று மலிவான வழி ஒன்றும் இல்லை. இப்படி ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு உலகச் சந்தை என்று சொல்வது நியாயமே இல்லை.

இப்போது புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் செய்து முடித்திருக்கிறேன். இன்னும் சந்தையில் ஏற்றவில்லை. இங்கே காப்புரிமைப் பதிவுக்கு, ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, ஆட்சேபணைக்கான 30 நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அமெரிக்கப் பதிவுக்கும் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். மார்ப்பதக்கத்தின் பின்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பெரியப்பாவின் கையெழுத்தைச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறேன்.