மைனஸ் ஒன்பது கண்ணுக்கு எந்த டெஸ்ட்டை நம்புவது?

பவர் மைனஸ் ஆறைத் தாண்டினாலே பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் கிளாகோமா வரும் வாய்ப்பு கூடிவிடும், அதே கண்ணில் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். எனக்கு மைனஸ் ஒன்பது. பார்வை நரம்பைச் சுற்றி எடுத்த ஓசிடி (ஒளியால் விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஸ்கேன்) தாளில் மேலும் கீழும் சிவப்பாக வந்ததைப் பார்த்து அடிவயிறு கலங்கிவிட்டது.

அந்தச் சிவப்பை அப்படியே நம்பக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது. நீண்டுபோன கண்ணில் நரம்பு சாய்ந்து உட்கார்ந்திருக்கும், நரம்பிழைக் கட்டுகள் காதுப் பக்கமாக நகர்ந்திருக்கும், மெஷினோ வழக்கமான இடத்தில் தேடிவிட்டு ‘இங்கே மெலிந்திருக்கிறது’ என்று சிவப்பைப் போட்டுவிடும். அது ஒப்பிட வைத்திருக்கும் ‘நார்மல்’ கண்களில் நம்மைப் போன்ற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை.

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவை எடுக்கும் மாகுலா ஓசிடி இந்த விஷயத்தில் மேல். நரம்பின் சாய்வு அதை அவ்வளவாகக் குழப்பாது. கிளாகோமா என்றால் மெலிவு பெரும்பாலும் மேல் பாதியிலோ கீழ் பாதியிலோ தொடங்கும், காதுப் பக்கம் நடுக்கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். ஆனால் அதிக மைனஸால் விழித்திரையின் நடுப்பகுதியே தேய்ந்திருந்தால் இதுவும் கைவிட்டுவிடும்.

கண் அழுத்தம்? வழக்கமான உச்ச வரம்பான 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தும் கிளாகோமா வருகிறது, லேசிக் செய்துகொண்டவர்களுக்குக் கருவிழி மெலிந்திருப்பதால் அளவு குறைத்தே காட்டும். அதை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது.

மிச்சம் ஃபீல்ட் டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்பை அளப்பது. ஒரு கண்ணை மூடி, தாடையை முட்டுக்கொடுத்து, புள்ளி மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்தும் அந்தச் சலிப்பான வேலைதான், ஆனால் பார்வை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று நேரடியாகச் சொல்வது அது ஒன்றுதான். வழக்கமாக எடுக்கும் 24-2 என்ற வகையில் புள்ளிகளுக்கு இடையே 6 டிகிரி இடைவெளி. 10-2 என்ற வகையில் 2 டிகிரிதான், நடுவில் மட்டும் 68 புள்ளிகள். அதிக மைனஸ்காரர்களுக்கு மையத்தை ஒட்டியே சீக்கிரம் பாதிப்பு வரலாம் என்பதால் இரண்டையும் எடுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. எனக்கு முதல் தடவை ஓரமெல்லாம் கறுப்பாக வந்தது, பார்த்தால் முன்னால் செருகிய லென்ஸின் விளிம்பு மறைத்திருக்கிறது! கான்டாக்ட் லென்ஸ் போட்டு மறுபடி செய்ததில் அந்தக் கறுப்பு காணாமல் போனது.

என் ஓட்டு மாகுலா ஓசிடிக்கும் 10-2-க்கும். இரண்டிலும் ஒரே இடத்தில் கோளாறு தெரிந்தால்தான் பயப்படுவேன். இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய தாளோடு வைத்துப் பார்க்கிறோம். வேறு கம்பெனி மெஷினின் மைக்ரான் கணக்கு இதோடு ஒத்துவராது என்பதால், வீடு மாறிய பிறகும் இரண்டு பஸ் பிடித்து அந்தப் பழைய மெஷினுக்கே போகிறேன்.