எஃப்.என்.பி. போர்டு தேர்வுக்கு வினா வங்கிச் சந்தா: எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எஃப்.என்.பி., நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலைச் செவிலியர்) படிப்பை முடித்தவர்கள், சான்றிதழுக்கான போர்டு தேர்வுக்காக முதலில் பணம் கட்டுவது பெரும்பாலும் ஒரு வினா வங்கிக்குத்தான். யூவேர்ல்டு, ரோஷ் ரிவ்யூ, போர்டுவைட்டல்ஸ் போன்றவை வினாக்களையே முதன்மையாக விற்கின்றன. ஃபிட்ஸ்ஜெரால்ட், பார்க்லி, ஏ.பி.இ.ஏ. போன்றவை ரிவ்யூ வகுப்புகளுக்குப் பெயர் பெற்றவை. இவற்றின் உள்ளடக்கம் அடிக்கடி மாறுவதால், பெயர் பெயராக மார்க் போட்டால் அது சீக்கிரமே பழசாகிவிடும். எந்தச் சந்தாவையும் எடை போடும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் வினா எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் காசு கொடுப்பது விளக்கத்துக்கு. அதிலும் குறிப்பாக, தவறான விடைகள் ஏன் தவறு என்று சொல்லும் பகுதிக்கு. ஒரு வினாவை எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

68 வயதுப் பெண். டைப் 2 நீரிழிவு உண்டு. மூன்று நாளாகச் சளியோடு இருமல், காய்ச்சல். மூச்சு நிமிடத்துக்கு 22, ரத்த அழுத்தம் 128/76, பி.யு.என். (ரத்த யூரியா நைட்ரஜன்) 16, குழப்பம் எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் வலது கீழ் மடலில் நிமோனியா. முதலில் என்ன தருவீர்கள்? அமாக்சிசிலின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுடன் டாக்ஸிசைக்ளின், உடனே அட்மிஷன் என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும்.

விடை மூன்றாவது. சுமாரான வங்கி "நோயாளிக்கு இணைநோய் இருப்பதால் கூட்டு மருந்து" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். நல்ல வங்கி முதலில் கர்ப்-65 (நிமோனியாவின் தீவிரத்தை ஐந்து அம்சங்களில் மதிப்பிடும் முறை) கணக்கைப் போட்டுக் காட்டும்: வயதுக்கு ஒரு புள்ளி, மற்ற நான்கிலும் பூஜ்யம், ஆகவே வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம், அட்மிஷன் தேவையில்லை. அடுத்து, நீரிழிவு என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அமாக்சிசிலின் 1 கிராம் தினம் மூன்று வேளை என்பதே சரியான விடையாகியிருக்கும் என்று சொல்லும். பீட்டா-லாக்டமேஸ் (அமாக்சிசிலினைச் சிதைக்கும் நொதி) சுரக்கும் கிருமிகளுக்கு கிளாவுலனேட், ஏடிப்பிக்கல் (மைக்கோபிளாஸ்மா போன்ற) கிருமிகளுக்கு டாக்ஸிசைக்ளின் எனக் காரணத்தைப் பிரித்துக் காட்டும். நிமோகாக்கஸ் கிருமி மேக்ரோலைடை (அசித்ரோமைசின் வகை மருந்து) எதிர்ப்பது 25 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள இடங்களில், இணைநோய் இல்லாதவர்களுக்கு மட்டுமே அதைத் தனியாகத் தரலாம் என்ற 2019 அமெரிக்க நிமோனியா வழிகாட்டுதலையும் சேர்க்கும். லெவோஃப்ளாக்சசின் (இன்னொரு வகை ஆன்டிபயாடிக்) விடைப் பட்டியலில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் தொட்டுச் சென்றால் இன்னும் நல்லது: அதைத் தனியாகவே தரலாம், ஆனால் 60 தாண்டியவர்களுக்குத் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து அதிகம், நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்கும். இப்படி ஒரு விளக்கத்தைப் படித்தவர், அடுத்து வரும் நான்கைந்து நிமோனியா வினாக்களைத் தானே போட்டுவிடுவார்.

இரண்டாவது சோதனை, உள்ளடக்கம் எவ்வளவு புதியது என்பது. பெரும்பாலானவற்றில் இலவச ட்ரையல் இருக்கும். அதில் நேராகப் போய் நான்கு இடங்களைத் தேடுங்கள். கொனோரியாவுக்கு 150 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு செஃப்ட்ரையாக்சோன் 500 மி.கி. ஒரே ஊசி என்று இருக்க வேண்டும், 250 மி.கி. ஊசியும் அசித்ரோமைசினும் என்று இருந்தால் அது 2020க்கு முந்தைய சரக்கு. மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது யு.எஸ்.பி.எஸ்.டி.எஃப். (அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு) 2024இல் சொன்னது, 50இல் தொடங்குகிறது என்றால் பழசு. நுரையீரல் புற்றுநோய் ஸ்க்ரீனிங் தொடங்குவது 50 வயது, 20 பேக்-இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்த அளவு). பழைய விடை 55 வயது, 30 பேக்-இயர். ஆஸ்துமாவில் அல்புடெராலை (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) மட்டும் தனியாகத் தருவதை ஜினா (உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பு) 2019லேயே கைவிட்டுவிட்டது. நான்கில் இரண்டு தவறாக இருந்தால் அந்த வங்கியை விட்டுவிடுங்கள். தவறான விடையைச் சரி என்று மனதில் பதித்துக்கொண்டு தேர்வுக்குப் போவது, படிக்காமல் போவதைவிட மோசம். அதேசமயம், போன மாதம் வந்த வழிகாட்டுதல் இல்லையே என்று ஒரு வங்கியை ஒதுக்க வேண்டாம். தேர்வு வினாக்கள் எழுதப்பட்டு, மதிப்பெண் இல்லாமல் சோதிக்கப்பட்ட பிறகே கணக்கில் வருகின்றன.

எந்தத் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் சந்தா கட்ட வேண்டாம். எஃப்.என்.பி. சான்றிதழை ஏ.ஏ.என்.பி.சி.பி., ஏ.என்.சி.சி. என்ற இரண்டு அமைப்புகள் தனித்தனித் தேர்வு வைத்துத் தருகின்றன. ஏ.ஏ.என்.பி.சி.பி. தேர்வில் 150 வினா, 3 மணி நேரம். அதில் 15 வினாவுக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று தெரியவும் தெரியாது. அளவீட்டு மதிப்பெண் 200 முதல் 800 வரை, தேர்ச்சிக்கு 500. வினாக்கள் கிட்டத்தட்ட முழுக்க நோயாளியைச் சுற்றியே வரும். ஏ.என்.சி.சி.யில் தேர்ச்சி மதிப்பெண் 500க்கு 350. அங்கே ஆராய்ச்சி, நெறிமுறை, தரமேம்பாடு, பணிப் பொறுப்பு சார்ந்த பகுதிகளும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்வது, இழுத்துப் பொருத்துவது, படத்தில் இடத்தைச் சுட்டுவது என வினா வடிவங்களும் மாறும். மருத்துவம் மட்டுமே உள்ள வங்கியை வாங்கிக்கொண்டு ஏ.என்.சி.சி. எழுதப் போகிறவர்கள் இந்தப் பகுதிகளில்தான் அடி வாங்குகிறார்கள்.

பயன்படுத்தும் விதத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டும். 150 வினாவுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு 72 விநாடி. 50 வினா என்றால் சரியாக ஒரு மணி நேரம். டியூட்டர் மோடை (ஒவ்வொரு வினா முடிந்ததும் விளக்கம் காட்டும் முறை) முதல் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு 50 வினாத் தொகுப்புகளை டைமரோடு போடுங்கள். விளக்கம் படிக்க அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாப் பாடங்களையும் கலந்து போடுவதும் முக்கியம்: இதயம் என்று தலைப்பு தெரிந்து போட்டால் மூச்சுத்திணறலுக்கு இதயத்தையே விடையாகத் தேடுவோம், தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது.

தவறும் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பாடம் தெரியவில்லையா, வினாவில் இருந்த துப்பைத் தவறவிட்டீர்களா, சரியாகப் போட்டுவிட்டு மாற்றினீர்களா என்ற மூன்றில் எது என்று குறித்தால் போதும். எடுத்துக்காட்டாக, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவான ரத்தசோகையில் திரும்பத் திரும்ப இடறுகிறவர் ஃபெர்ரிட்டினை (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்காமல் விடை போடுகிறார்: இரும்புச்சத்துக் குறைவில் அது குறைந்து ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) ஏறும், தலசீமியா டிரெய்ட்டில் (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) இரண்டும் பொதுவாக இயல்பாக இருக்கும். இவருக்கு இன்னொரு 200 வினா தேவையில்லை, இந்த ஒரு வரி தேவை.

வங்கியில் தெரியும் சதவீதத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். ஒரே வினாக்களை இரண்டாம் முறை போட்டு 85 வாங்குவது பெரும்பாலும் ஞாபகத்துக்குக் கிடைத்த மதிப்பெண். அதனால் ஒரு முழு மாதிரித் தேர்வைத் திறக்காமல் வைத்திருந்து, கடைசி இரண்டு வாரத்தில் ஒரே அமர்வில் எழுதுங்கள்.

ரிவ்யூ வகுப்புகள் எல்லோருக்கும் தேவைப்படாது. படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டவர்களுக்கும், இதய முணுமுணுப்பு ஒலி போலக் கேட்டுப் பழக வேண்டிய பாடங்களில் தடுமாறுகிறவர்களுக்கும் பயன்படும்.

பணம் கட்டும் முன் இரண்டு நிபந்தனைகளைப் படியுங்கள். சந்தா, வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறதா, முதலில் திறக்கும் நாளிலிருந்தா? 90 நாள் திட்டத்தைத் தேர்வுத் தேதி கிடைக்கும் முன்பே வாங்கி, பாதி நாள் வீணாகிப் போகிறவர்கள் நிறையப் பேர். அடுத்தது தேர்ச்சி உத்தரவாதம். எல்லா வினாவையும் முடித்திருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அடியில் இருக்கலாம். திருப்பித் தருவது பணமா, கூடுதல் நாட்களா என்றும் பாருங்கள். ஏ.ஏ.என்.பி.சி.பி.யில் தோல்வியடைந்தால் பலவீனமான பகுதிகளில் 15 மணி நேரத் தொடர்கல்வி முடித்த பிறகே மறுபடி எழுத முடியும், ஒரு நாட்காட்டி ஆண்டில் இரண்டு முறைதான். ஏ.என்.சி.சி.யில் 60 நாள் காத்திருக்க வேண்டும். கூடுதல் நாட்கள் தருகிறோம் என்று சொல்லும் உத்தரவாதம் 30 நாள் மட்டுமே நீட்டித்தால், ஏ.என்.சி.சி. எழுதுபவருக்கு மறுதேர்வு நாள் வரும் முன்பே அது காலாவதியாகிவிடும்.