மேக்னாஃப்ளக்ஸ் ஸ்பாட்செக்: வீட்டில் கட்டிய விமானத்தில் விரிசல் தேட இந்த மூன்று டின் போதுமா?

திருச்சிப் பக்கம் பாய்லர், பிரஷர் வெசல் ஃபேப்ரிகேஷனில் இருப்பவர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் அன்றாடம் செய்யும் டிபி டெஸ்ட்தான் (டை பெனட்ரன்ட், அதாவது சாயத்தை ஊறவிட்டு விரிசல் தேடுவது) இது. முதலில் கிளீனர், பிறகு பெனட்ரன்ட் என்ற சிவப்புச் சாயம், கடைசியில் வெள்ளை டெவலப்பர். மேக்னாஃப்ளக்ஸ் நிறுவனம் இந்த மூன்றையும் ஸ்பாட்செக் என்ற பெயரில் ஸ்ப்ரே டின்களாக விற்கிறது. கிளீனர் எஸ்கேசி-எஸ், பெனட்ரன்ட் எஸ்கேஎல்-எஸ்பி2, டெவலப்பர் எஸ்கேடி-எஸ்2. அமெரிக்காவில் ஆர்வி, ஜெனித் போன்ற கிட்களை வாங்கி கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் பலர் வருடாந்திர கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் 20 மி.மீ. தகட்டின் வெல்டிங்கில் விரிசல் பார்ப்பது வேறு, 0.8 மி.மீ. அலுமினியத்தில் ரிவெட்டைச் சுற்றிப் பார்ப்பது வேறு. இந்த விமர்சனம் அந்த இரண்டாவது வேலையை வைத்துத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெல்டிங் மூட்டுகள், எஞ்சின் மவுன்ட், லேண்டிங் கியர் பிராக்கெட், காஸ்டிங், எக்ஸாஸ்ட் பைப் ஆகியவற்றுக்கு இது அருமை. ரிவெட் அடித்து முடித்த தகட்டுக்குச் சுமார்தான். பெயின்ட் மேலேயே அடித்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

காரணம் இது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலுக்குள் சாயம் நுண்துளை ஈர்ப்பால் தானாக இறங்குகிறது. மேலே உள்ளதைத் துடைத்த பிறகு, உள்ளே மிஞ்சியதை டெவலப்பர் மாவு உறிஞ்சி வெளியே இழுத்துச் சிவப்புக் கோடாகக் காட்டுகிறது. விரிசலின் வாய் அடைபட்டிருந்தால் சாயம் இறங்காது, கோடும் வராது. பெயின்ட், கிரீஸ், எஞ்சின் கரி, முன்பு ஊற்றிய கிளீனரின் ஈரம் எதுவும் அந்த வாயை அடைக்கும். பரிசோதனை தோற்கும் பெரும்பாலான இடங்களில் பழி டின்னில் இல்லை, அதற்கு முந்தைய சுத்தத்தில் இருக்கிறது.

இதில் பலர் செய்யும் தவறு, பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்தோ மணல் பிளாஸ்ட் செய்தோ எடுப்பது. அலுமினியம் மென்மையான உலோகம். தேய்த்தால் மேல் அடுக்கு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். பளபளவென்று சுத்தமாகத் தெரியும், சாயம் மட்டும் உள்ளே போகாது. கெமிக்கல் ஸ்டிரிப்பரால்தான் பெயின்ட்டை எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு தகடுகள் சேரும் இடுக்குக்குள் ஓடாதபடி டேப் ஒட்டிவிட்டு. உள்ளே தங்கிய ஸ்டிரிப்பர் பிறகு அரிப்பாக வெளியே வரும். ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள் என்றால் எட்ச் செய்து மேல் அடுக்கைக் கரைக்காமல் மேலே போகாதீர்கள்.

எஸ்கேசி-எஸ் கிளீனரைப் பற்றிக் குறையில்லை. கிரீஸை நன்றாக வெட்டுகிறது, வேகமாக உலர்கிறது, குளோரின் வகைக் கரைப்பான் இல்லாததால் ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட்டிலும் கவலையில்லாமல் அடிக்கலாம். ஆனால் அக்ரிலிக் கேனபி (விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி) பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கரைப்பான் தூறல் பட்டாலே அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகள் விழும். கேனபியை முழுதாக மூடிவிட்டுத்தான் டின்னைத் திறக்க வேண்டும். கிளீனர் அடித்த பிறகு ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் விரிசலுக்குள் ஈரம் இருக்கும்.

பெனட்ரன்ட்டை நேராக ஸ்ப்ரே செய்வதைவிட, டின் மூடியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து ஓவியர் பிரஷால் தடவுவது நல்லது. ஸ்ப்ரே செய்தால் கால் சதுர அடி வேலைக்கு ஹேங்கர் தரை, கை, சட்டை எல்லாம் சிவப்பாகும், சாயமும் சீக்கிரம் தீரும். உலோகம் 10 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் குறைந்தது 10 நிமிடம் ஊற வேண்டும். குளிர்கால ஹேங்கரில் 4 முதல் 10 டிகிரி என்றால் 20 நிமிடம். திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் வரும் மெல்லிய களைப்பு விரிசலைத் தேடும்போது எந்தச் சூட்டிலும் அரை மணி நேரம் விடுவதே புத்திசாலித்தனம். இடையில் காயத் தொடங்கினால் மறுபடி தடவுங்கள். காய்ந்த சாயம் வெளியே வராது.

அடுத்தது துடைப்பது. டின்னில் எழுதியிருந்தும் மக்கள் மீறுகிற விதி இங்கேதான் இருக்கிறது. முதலில் நூல் உதிராத உலர்ந்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். பிறகு துணியில் கொஞ்சம் கிளீனர் அடித்து, அந்தத் துணியால் மிச்சத்தை எடுக்க வேண்டும். கிளீனரை நேராகப் பாகத்தின் மேல் அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் சேர்ந்து கழுவப்படும். பரிசோதனை ‘பாஸ்’ ஆகிவிடும், விரிசல் அங்கேயே இருக்கும்.

டெவலப்பரை நன்றாகக் குலுக்கி, உள்ளே குண்டு ஓடும் சத்தம் கேட்ட பிறகு, ஒரு அடி தூரத்திலிருந்து மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். அடியில் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும், சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழி. அடித்தவுடன் அங்கேயே நின்று பாருங்கள். கோடு எங்கே முதலில் துளிர்க்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முதல் இரண்டு நிமிடத்தில்தான் தெளிவாகத் தெரியும். பத்து நிமிடம் ஆனதும் இன்னொரு முறை பார்த்து முடிவு செய்யலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் சாயம் பரவி எல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

இனி ரிவெட். ரிவெட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு மயிரிழை இடுக்கு இருக்கும். அதில் சாயம் இறங்கி, டெவலப்பர் அடித்ததும் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் அழகான சிவப்பு வளையம் வரும். அது விரிசல் இல்லை. அந்த வளையத்திலிருந்து வெளியே நீளும் ஒரு வால், கொஞ்சம் கோணல்மாணலாக, பக்கத்து ரிவெட்டை நோக்கியோ தகட்டின் ஓரத்தை நோக்கியோ போனால்தான் சந்தேகப்பட வேண்டும். சிக்கல் என்னவென்றால், ரிவெட் தலைக்கு அடியிலேயே ஆரம்பித்து இன்னும் வெளியே வராத விரிசல் வளையத்துக்குள் மறைந்துவிடும். உண்மையான சந்தேகம் இருந்தால் ரிவெட்டை டிரில் செய்து எடுத்து, துளையின் உள்விளிம்பைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டில் சாயத்தை ஊற்றவே வேண்டாம். உள்ளே போனது மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும், அடுத்த பெயின்ட்டும் அங்கே ஒட்டாது.

ஆர்வி கிட்களைத் தயாரிக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் வெளியிட்ட இரண்டு சர்வீஸ் புல்லட்டின்கள் (குறையைச் சொல்லிப் பார்க்கச் சொல்லும் அறிவிப்புகள்) இதற்கு நல்ல உதாரணம். 14-01-31 என்பது ஆர்வி-6, 7, 8 உள்ளிட்ட விமானங்களின் ஹாரிசான்டல் ஸ்டெபிலைசரின் (வாலில் உள்ள கிடைமட்ட இறக்கை) முன் ஸ்பாரில் (நீளவாட்டில் பாரம் தாங்கும் உத்தரம்) உள்முனைப் பக்கம் வரும் விரிசலைப் பற்றியது. 16-03-28 இறக்கையின் பின் ஸ்பாரில், ஏலரானின் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகை) உள்பக்கக் கீல் பிராக்கெட் ரிவெட்டுகளைச் சுற்றி வருவதைப் பற்றியது. இரண்டுமே எட்டிப் பார்க்கவே சிரமமான, பிரைமர் பூசிய, ரிவெட் நெருக்கமான இடங்கள். இங்கே முதல் கருவி ஸ்பாட்செக் இல்லை. நல்ல எல்இடி டார்ச், பத்து மடங்கு லென்ஸ், சின்ன ஆய்வுக் கண்ணாடி. டார்ச்சைச் செங்குத்தாகப் பிடிக்காமல் தகட்டை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் விரிசலின் உதடு நிழலாகத் தெரியும். பிரைமரில் மயிர்க்கோடு தெரிந்து, அது பெயின்ட்டா உலோகமா என்று பிரிக்க வேண்டிய கட்டத்தில்தான் அந்த ஒரு அங்குலத்தை மட்டும் சுத்தம் செய்து சாயத்தை எடுக்க வேண்டும்.

இன்னொரு நல்ல பயன்பாடு விமானம் பறப்பதற்கு முன்பே வருகிறது. வேன்ஸ் லேசரில் வெட்டிய துளைகளில் டிம்பிள் (ரிவெட் தலை பதிய துளையைச் சுற்றி அழுத்தும் குழி) போடும்போது விளிம்பு வெடித்ததாக 2023இல் எழுந்த விவகாரம் கிட் கட்டுபவர்கள் எல்லாருக்கும் தெரியும். டிம்பிள் போட்ட துளையின் விளிம்பிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பும் நுண்விரிசலை லென்ஸ் காட்டும். லென்ஸில் நிச்சயமில்லாததை ஸ்பாட்செக் தீர்த்துவைக்கும். ரிவெட் இன்னும் அடிக்காததால் வளையத் தொல்லையும் இல்லை. பர் (துளை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பிசிறு) எடுக்காத துளையில் டிம்பிள் போட்டால் லேசர் இல்லாமலும் இதே விரிசல் வரும்.

விரிசல் உறுதியானால் முனையைக் கண்டுபிடிக்கவும் இதே சாயம் உதவும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி நிஜ முனை இருக்கும். அதனால் விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்த முனையில் போடும் ஸ்டாப் டிரில் துளையைச் சிவப்புக் கோடு முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் போட வேண்டும். வழக்கமாக 40ஆம் எண் அல்லது 30ஆம் எண் டிரில், அதாவது ஏறத்தாழ 2.5 அல்லது 3.3 மி.மீ. துளையின் இருபக்கமும் பர் எடுத்த பிறகு மறுபடி சாயம் போட்டு, துளையின் எதிர்ப்புறம் கோடு வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வந்தால் முனையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். ஸ்டாப் டிரில் மட்டும் ரிப்பேர் ஆகாது. அது விரிசலின் கூர்முனையை மழுக்கி நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். பாரம் அதே இடத்தில் இருக்கும்வரை துளையின் அடுத்த பக்கத்திலிருந்து மறுபடி கிளம்பும்.

அதனால் மேலே டபுளர், அதாவது பலப்படுத்தும் ஒட்டுத் தகடு, தேவை. தயாரிப்பாளரின் வரைபடம் இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள், சொந்த டிசைன் வேண்டாம். இல்லாத இடத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ரிப்பேர் வழிகாட்டி ஏசி 43.13-1பி கைகொடுக்கும். அதே உலோகக் கலவை, அதே தடிமன் அல்லது ஒரு கேஜ் கூடுதல். ரிவெட் மையத்திலிருந்து ஓரத்துக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு, ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது மூன்று மடங்கு. 1/8 அங்குல ரிவெட் என்றால் 6.4 மி.மீ., 9.5 மி.மீ. அடித்த பிறகு மறுபக்கம் நசுங்கி உருவாகும் பின்தலை 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். டபுளரின் மூலைகளை வட்டமாக்குங்கள். சதுர மூலையும் திடீரென்று முடியும் விளிம்பும் பாரத்தை ஒரே கோட்டில் குவித்து, பழைய விரிசலுக்குப் பதில் புதிய விரிசலை டபுளர் ஓரத்தில் உண்டாக்கும்.

4130 ஸ்டீல் குழாய் எஞ்சின் மவுன்ட்டில் சாயம் விரிசலைக் காட்டிவிட்டால், அதன் மேலேயே வெல்டிங் போடும் ஆசையை அடக்குங்கள். உள்ளே ஊறிய சாயமும் டெவலப்பர் மாவும் வெல்டிங்கில் குமிழியாக வரும். விரிசலை அடிவரை அரைத்தெடுத்து, கரைப்பானால் கழுவி, உலர்த்திய பிறகே டிக் வெல்டிங். ஸ்டீலுக்கு உண்மையில் மேக்னடிக் பார்ட்டிகிள் முறை (காந்தமாக்கி இரும்புத் தூளால் விரிசலைக் காட்டுவது) இதைவிட மேல். மேற்பரப்புக்குச் சற்று அடியில் இருப்பதையும் காட்டும். அதற்கான காந்தக் கருவியான யோக்கின் விலை ஒரு தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால்தான் சாயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

லாங்-ஈஸி, கிளாஸேர் போன்ற ஃபைபர் கிளாஸ் விமானக்காரர்களுக்கும் மரச்சட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த டின்களால் பயனில்லை. துளைகள் உள்ள பரப்பு முழுக்கச் சிவப்பாகும். பிரிந்த அடுக்கைத் தேட ஒரு காசை வைத்துத் தட்டிச் சத்தம் கேட்பதே அங்கே வழி. பெயின்ட்டை எடுக்காமல் அலுமினியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கி விரிசல் தேடும் எடி கரன்ட்தான். கருவி ஆயிரக்கணக்கான டாலர், இயக்கவும் பயிற்சி வேண்டும். வாங்காமல், ஆள் வைத்து ஒரு நாள் பார்த்துக்கொள்வதே லாபம்.

வாங்கும்போது பெரிய பெட்டியாக வாங்காமல் மூன்று டின்களைத் தனித்தனியாக எடுங்கள். கிளீனர் மற்ற இரண்டையும்விட வேகமாகத் தீரும், அதை மட்டும் இரண்டு வாங்கலாம். எரியும் வாயு டின் என்பதால் தபாலில் ஹேஸ்மட் (ஆபத்தான பொருள்) கட்டணம் சேரும். பக்கத்து ஊர் வெல்டிங் சப்ளை கடையில் கிடைத்தால் அந்தச் செலவு மிச்சம். டின் அடியில் அச்சிட்ட தேதியையும் பார்த்து வாங்குங்கள்.