லியான் ஃப்ளைஷரின் 'டூ ஹேண்ட்ஸ்': பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டும் இசைத்தட்டு

பியானோ சொல்லிக்கொடுப்பது என் தொழில். கிரேடு தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு யார் வேகமாக வாசிக்கிறாரோ அவர்தான் பெரிய ஆள். அவர்களை உட்காரவைத்து நான் போடுவது, அமெரிக்க பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷர் வாசித்து 2004இல் வான்கார்ட் நிறுவனம் வெளியிட்ட 'டூ ஹேண்ட்ஸ்' (இரு கைகள்) என்ற இந்தத் தட்டை. வாசித்தபோது ஃப்ளைஷர் எழுபதைத் தாண்டியிருந்தார்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கதையோடு நின்றுவிடுகிறார்கள். கதை பெரிதுதான். 1928இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார். 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு). 1952இல் பிரஸ்ஸல்ஸ் எலிசபெத் மகாராணி போட்டியில் முதல் பரிசு. அப்புறம் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் பீத்தோவனின் ஐந்து கான்செர்டோக்கள். அவற்றை மிஞ்சிய பதிவு என்று எதையும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நாற்பது வயதுகூட ஆகாத நிலையில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்க ஆரம்பித்தன. ஃபோக்கல் டிஸ்டோனியா. விரலில் கோளாறு இல்லை, மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளைதான் பிசகுகிறது. 1990களில் போட்டாக்ஸ் ஊசியும் தசைகளை ஆழமாக நீவிவிடும் சிகிச்சையும் சேர்ந்துதான் அந்த விரல்களை ஓரளவு நிமிர்த்தின. முழுக்கக் குணமாகவில்லை, ஊசி தொடர்ந்தது.

இடைப்பட்ட முப்பது வருடம்தான் இந்தத் தட்டில் கேட்கிறது என்பது என் எண்ணம். பால்டிமோரிலுள்ள பீபாடி இசைப் பள்ளியில் அவர் 1959இலிருந்தே ஆசிரியராக இருந்தார். கை நன்றாக இருந்தவரை, மாணவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டிவிடுவாராம். கை போன பிறகு எல்லாவற்றையும் வாயால் விளக்க வேண்டி வந்தது; அதனால்தான் நல்ல ஆசிரியர் ஆனேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜானதன் பிஸ் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். மேடையில் இடது கைக்கென்றே எழுதியவற்றை வாசித்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக ராவெல் எழுதிய கான்செர்டோ அவற்றில் முக்கியமானது.

தட்டு பாஹில் தொடங்குகிறது, மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் பியானோவுக்கு மாற்றிய கோரல் (தேவாலயப் பாட்டு). மேலே மும்மூன்றாக ஓடும் சுரங்கள் நிற்பதே இல்லை. அதன் நடுவிலிருந்து பாட்டு தானாக எழும்ப வேண்டும். என் மாணவிகள் அங்கே கட்டையை அழுத்தித் தள்ளுவார்கள். ஃப்ளைஷர் பாட்டைச் சத்தமாக்கவில்லை, சுற்றியுள்ளவற்றை அடக்கிவிடுகிறார். ஸ்கார்லாட்டி பளிச்சென்று வந்து போகிறது. ஷோப்பானில், போலந்து நடனத் தாளத்தில் அமைந்த மசுர்கா எனக்கு இரவின் மென்மையுள்ள நாக்டர்னைவிடப் பிடிக்கும். டெபுஸ்ஸியின் 'க்ளேர் டி லூன்' காது புளிக்கக் கேட்டதுதான், ஆனாலும் இங்கே இழுவை இல்லை.

தட்டின் உயிர் ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு), பட்டியல் எண் டி 960. 1828 செப்டம்பரில் எழுதி முடித்தார், நவம்பரில் 31 வயதில் இறந்தார். முதல் பகுதியின் எட்டாவது பாரில் அடி ஸ்தாயியில் மிக மெல்லிய ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாக வாசிப்பது) ஒன்று வரும். பலர் அதை இடி மாதிரி உருட்டுவார்கள். இவர் வாசிக்கும்போது அது தரைக்கு அடியில் எங்கோ அதிர்கிறது, அப்புறம் மௌனம். அந்த மௌனத்தை அவர் அவசரப்பட்டு முடிப்பதில்லை. இரண்டாம் பகுதியில் வலது கை நடுவில் பாடிக்கொண்டிருக்க, இடது கை கீழே தொட்டு, வலது கையைத் தாண்டி மேலே போய் ஒரு சுரத்தைத் தொட்டுத் திரும்பும். இத்தனை வருடம் தனியாகப் பாடுபட்ட அந்த இடது கை, திரும்பி வந்த வலது கைக்குத் துணையாக நடப்பதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

குறையும் உண்டு. கடைசிப் பகுதியில் ஆவேசமாக வெடிக்கும் இடங்கள் என் காதுக்குக் கொஞ்சம் கனமாக விழுகின்றன. இதே சொனாட்டாவை அவர் 1950களில் பதிவு செய்திருக்கிறார், அந்த லாகவத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மெதுவான பகுதிக்கு நான் இந்தத் தட்டைத்தான் எடுப்பேன்.

என் பிரதியைப் பழைய சிடி விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டி உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய கையேடு இல்லாமல் வந்தது. வாங்கும் முன் திறந்து பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்; போன் ஸ்பீக்கரில் அந்த ட்ரில் கேட்கவே கேட்காது. பியானோ கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் ஷூபர்ட்டின் இரண்டாம் பகுதியைப் போடுங்கள், பாஹ் அப்புறம்.