ஹேவ்லாக்கா, நீலா? இரண்டிலும் தங்கிவிட்டு எழுதுகிறேன்

2019-இல் முதல் தடவை அந்தமான் போனபோது, பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர் ஹேவ்லாக்கில் மூன்று இரவும் நீல் தீவில் மூன்று மணி நேரமும் ஒதுக்கியிருந்தார். நீலில் இறங்கியதும் வண்டியில் ஏற்றி லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். கடல் ஏறியிருந்த நேரம். அந்தப் பாறை வளைவுக்குக் கிட்டவே போக முடியவில்லை, தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு அடுத்த கப்பலுக்கு ஓடினோம். நீலில் ஒன்றுமே இல்லை என்று ஊருக்கு வந்து பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அது தப்பு. இந்தத் தடவை அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஜனவரியில் போய், இரண்டு தீவிலும் இரண்டிரண்டு இரவு தங்கினோம்.

முதலில் ஹேவ்லாக். கலகலப்பான தீவு என்றால் கோவா மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள், ராத்திரி சீக்கிரமே அடங்கிவிடும். கலகலப்பெல்லாம் பகலில்தான். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் டாக்ஸிக்காரர்கள், கோவிந்த் நகர் சாலை முழுக்க, கடலடியில் மூழ்கிப் பார்க்கக் கூட்டிப்போகும் ஸ்கூபா கடைகள், ஸ்கூட்டர் வாடகை, எலிஃபென்ட் பீச்சுக்கு வரிசையாகக் கிளம்பும் வேகப்படகுகள். ராதாநகர் கடற்கரை மட்டும் எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்குகிறது, அவ்வளவு நீளம், அவ்வளவு அகலம். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னதிலிருந்து எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். காலுக்கடியில் கல் குத்தாத மணல், அதனால் கடலில் இறங்கிக் குளிக்க இரண்டு தீவிலும் சேர்த்து இதுதான் முதல் இடம். மகளை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை. ஆனால் அவளுக்கு ஸ்கூபா கிடைக்கவில்லை, பத்து வயது ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு ஆசை காட்டுவதற்கு முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எனக்கு அலுப்புத் தட்டியது ஒரே விஷயத்தில்தான். எதைச் செய்வதென்றாலும் நேரம் பார்த்து ஓட வேண்டியிருந்தது. காலை ஏழு மணிக்குப் படகு, பத்துக்குத் திரும்ப வேண்டும், மத்தியானம் இன்னொன்று. சூரியன் வேறு நம் கடிகாரப்படி ரொம்பச் சீக்கிரம் போய்விடும், டிசம்பர், ஜனவரியில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமனம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலரைக்கு ராதாநகர் கிளம்பினால் பாதி இருட்டில்தான் போய்ச் சேர்வீர்கள், ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது.

நீல் அங்கிருந்து கப்பலில் சுமார் ஒரு மணி நேரம். சைக்கிளிலேயே சுற்றிவிடலாம், அவ்வளவு சின்னது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்கள், ராமாயணப் பெயர்கள்: ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். வழியெல்லாம் நெல், கத்தரி, வெண்டை, வாழை, பாக்கு. போர்ட் பிளேயர் சந்தைக்குக் காய்கறி கணிசமாக இங்கிருந்துதான் போகிறது. அதனாலோ என்னவோ, சின்ன ஓட்டலில் சாப்பிட்ட மீன் குழம்புச் சாப்பாட்டில் கூட வைத்த பொரியல்கூட அத்தனை ருசி. தீவுக்குப் பெயர் வந்தது 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீலிடமிருந்து. சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, 1927-இல் சத்தியாகிரகம் நடந்து, 1937-இல் ராஜாஜி ஆட்சியில் அகற்றப்பட்டாரே, அதே ஆள். 2018 கடைசியில் தீவின் பெயர் ஷஹீத் த்வீப் என்று மாறியது, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது. புதுப்பெயரையும் தெரிந்து வைத்துக்கொண்டால் டிக்கெட்டில் குழம்ப மாட்டீர்கள்.

நீலில் தங்கினால் கடலின் நேரத்துக்கு நாம் இருக்கலாம், அதுதான் முழு வித்தியாசமும். ரிசார்ட்டில் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டு, மறுநாள் காலை ஆறரைக்கே இயற்கைப் பாலத்துக்குப் போனோம். 2019-இல் தண்ணீர் நின்ற இடமெல்லாம் பாறைக் குழிகள், உள்ளே கடல் அட்டை, நண்டு, நீல நிறக் குட்டி மீன்கள். ஊர்க்காரர் ஒருவர் எதையும் கையில் எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் ஒன்றரை மணி நேரம் குனிந்தே இருந்தாள். பாறை வழுக்கும், செருப்பு பிடிமானமானதாக வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மா பாதியோடு நின்றுகொண்டார், அவருக்குப் பிடித்தது சீதாபூரில் பார்த்த சூரிய உதயம்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். பரத்பூரில் கடல் வற்றினால் கணுக்கால் தண்ணீரும் பவளக் கல்லும்தான், குளிக்க ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். நாங்கள் தங்கிய இடத்தில் முதல் நாள் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் உண்டு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், கடைசிவரை அது ஓடவில்லை. நெட்டும் சுமார்தான். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபோது ஹேவ்லாக்குக்கு இணைப்பு கிடைத்தது, நீல் அந்தப் பட்டியலில் இல்லை. வேலையையும் கூடக் கொண்டு போகிறவர்கள் ஹேவ்லாக்கிலேயே இருங்கள்.

ஸ்கூபா முக்கியம், நீச்சல் முக்கியம் என்றால் ஹேவ்லாக்கில் மூன்று இரவு போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் நீலில் குறைந்தது இரண்டு இரவு. பேக்கேஜ்காரர் பகல் மட்டும் போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பகலில் வந்த கூட்டமெல்லாம் கடைசிக் கப்பலில் போனபின் லட்சுமண்பூரில் அஸ்தமனத்துக்கு எங்களோடு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

அப்புறம், கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். சென்னை விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேயர் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.