வண்ணக் குழாய் செட்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு வாங்கலாமா?

நான் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியர். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் வாரம் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்து பாட்டும் வாத்தியமுமாக இருப்பார்கள். அந்த வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெற்றோரும் ஆசிரியர்களும் முதலில் கேட்பது, "கீபோர்டு வாங்கலாமா?" என்றுதான். வீட்டில் ஒரே பிள்ளைக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு பூம்வாக்கர் வகைக் குழாய்களுக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை செட்டில் எட்டு பிளாஸ்டிக் குழாய்கள், ரொம்ப லேசானவை. இருப்பதில் நீளமானது சுமார் இரண்டடி, அதுதான் ஸ. குட்டையானது ஏறக்குறைய அதில் பாதி, அது மேல் ஸ. உள்ளங்கையிலோ தொடையிலோ தரையிலோ தட்டினால் ஒவ்வொரு குழாயும் தன் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தரும். ஸ சிவப்பு, ரி ஆரஞ்சு, க மஞ்சள், ம இளம்பச்சை, ப கரும்பச்சை, த ஊதா, நி இளஞ்சிவப்பு, மேல் ஸ மறுபடியும் சிவப்பு. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் கிரேக் ராம்செல் என்பவர் உருவாக்கியது, இப்போது அதே மாதிரியில் வேறு பலரும் செய்து விற்கிறார்கள்.

இதை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம், ஒரு குழாய்க்கு ஒரு ஸ்வரம்தான் என்பது. பல பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள், அவன் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அது நடக்காது. ப அவனிடம் இருந்தால், அவன் தட்டாத வரைக்கும் அந்த இடத்தில் பாட்டு ஓட்டையாக நிற்கும்.

எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனிடம் மேல் ஸ இருக்கிறது. மூளை முடக்குவாதம், விரல்கள் மூடித் திறப்பதற்கு நேரம் எடுக்கும். குழாயை அவன் கையில் வெல்க்ரோ பட்டியால் கட்டிவிடுவோம், அவன் முழங்கையிலிருந்து கையை இறக்கி நாற்காலியின் பலகையில் தட்டுவான். நினைத்ததற்கும் கை இறங்குவதற்கும் நடுவே சில விநாடிகள் போகும். ஆரம்பத்தில் பக்கத்துப் பிள்ளைகள் அவன் கையைப் பிடித்துத் தட்டிவிடப் பார்த்தார்கள், வேண்டாம் என்றேன். இப்போது ஆரோகணம் (ஏறுவரிசை) நி வரைக்கும் வந்ததும் எல்லாரும் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி அவனையே பார்க்கிறார்கள், அவன் தோள் அசையத் தொடங்குவதைக் கண்டுபிடித்து "வருது வருது" என்கிறார்கள். அந்த ஸ விழுந்த பிறகுதான் அவரோகணம், அதாவது இறங்குவரிசை. தாளம் தப்புகிறதே என்று ஒரு பாட்டு டீச்சர் சங்கடப்பட்டார். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியோடு சேர்த்துத்தான் அது எங்கள் பாட்டு.

சரி, சங்கீதப் பக்கத்துக்கு வருவோம். எட்டுக் குழாயும் சேர்ந்தால் சங்கராபரண ராகம். அதில் ம, நி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் மீதி மோகனம். புதிதாகத் தொடங்கும் எவரும் முதல் வகுப்பில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். மோகனத்தில் எந்த இரண்டு ஸ்வரம் ஒன்றாக விழுந்தாலும் காதை உறுத்தாது, அதனால் யார் எப்போது தட்டினாலும் 'தப்பு' என்ற ஒன்றே கிடையாது. கையசைவு கட்டுப்படாத பிள்ளையும், கேட்ட மாத்திரத்தில் தட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையும், பயந்து ஒதுங்கும் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார முடிவது இதனால்தான். பழகிய பிறகு க, நி எடுத்துவிட்டால் சுத்த சாவேரி, ம, த எடுத்துவிட்டால் ஹம்சத்வனி. ஹம்சத்வனியில் மட்டும் நியும் மேல் ஸவும் ஒன்றாக விழுந்தால் உரசும், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் (கீபோர்டின் C) வைத்தால் குழாய்களோடு ஒத்துப்போகும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: நாம் முதலில் கற்றுக்கொடுக்கும் சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அல்லவா இருக்கிறது, அதற்குத் தேவையான சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் (ரி, த இரண்டின் தாழ்ந்த வடிவங்கள்) இந்த எட்டில் கிடையாது, கீபோர்டின் கறுப்புக் கட்டை ஸ்வரங்களுக்கான ஐந்து குழாய்களைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் என்பதற்கு வழியே இல்லை. தாலாட்டு, கும்மி மெட்டு, நீங்களே கட்டும் சின்னப் பாட்டு, இதற்கெல்லாம் அருமையாக இருக்கும்.

சத்தம் பிடிக்காத பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவது நியாயமே. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு குழாய்கள் சிமெண்டுத் தரையில் ஒன்றாக விழும் ஓசை உண்மையிலேயே வலிக்கும். தரையில் தட்டாமல் தொடையிலோ உள்ளங்கையிலோ தட்டச் சொன்னால் பாதிச் சத்தம் போய்விடும். அதுவும் தாங்காதவர்களுக்குக் காதுக் கவசம் கொடுங்கள், கதவருகில் உட்கார விடுங்கள், எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வர அனுமதி இருக்கட்டும். வராந்தாவில் நின்றபடியே தன் முறை வரும்போது மட்டும் சரியாகத் தட்டுகிற பெண் ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள். அவளை உள்ளே இழுக்க வேண்டிய அவசியமே எனக்குத் தெரியவில்லை.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் அவ்வளவாகப் பயன்படாது. அதிர்வு ரொம்பக் குறைவு. அவர்களுக்குப் பறை, தவில் மாதிரி தோல் வாத்தியம்தான் சரி, ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் அதிர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் தாள வாத்தியக் கலைஞர் எவலின் கிளென்னி காது கேளாதவர், அதிர்வை உணர்வதற்காகவே வெறுங்காலோடு மேடையில் நின்று வாசிக்கிறவர்.

அப்புறம், இந்தக் குழாய்களை 'மியூசிக் தெரபி கிட்' என்று சிலர் விற்கிறார்கள். அந்தப் பெயருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் நடத்துவது இசைச் செயல்பாடு, தெரபி அல்ல. மியூசிக் தெரபி என்பது அதற்கென்று படித்த ஒருவர், ஒரு பிள்ளைக்கு ஒரு குறிக்கோள் வைத்து, பதிவு செய்து, தொடர்ந்து பார்ப்பது. பிரிட்டனில் மியூசிக் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே அரசுப் பதிவு வேண்டும். இங்கே சிறப்பாசிரியருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு, மியூசிக் தெரபிஸ்டுக்கு அப்படித் தனிப் பிரிவு கிடையாது. அதனால் யாரிடமாவது பிள்ளையை அனுப்புவதற்கு முன்பு எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம் யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

"மூன்று மாதத்தில் பேச்சு வந்துவிடும்" என்று ஒரு மையம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவிடம் முன்பணம் வாங்கியது, கேட்டபோது என் ரத்தம் கொதித்தது. 2017இல் ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், ஐந்து மாத மியூசிக் தெரபிக்குப் பிறகு சமூகத் தொடர்பு சார்ந்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு, பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவக்கூடும் என்கிறது, பேச்சில் தெளிவான வித்தியாசம் காணவில்லை. பலன் உண்டு, அளவோடு உண்டு. பேச்சு வரவைக்கும் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடம் போகவே போகாதீர்கள்.

வாங்குவது பற்றி. அசல் பிராண்டு இறக்குமதி, எட்டு பிளாஸ்டிக் குழாய்க்கு இவ்வளவா என்று தோன்றத்தான் செய்யும். மலிவு செட்டுகளில் சுருதி முக்கியம். நாங்கள் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய செட்டில் த காதுக்கே தெரியும்படி இறங்கியிருந்தது, மாற்றித் தருவதற்கு அலைக்கழித்தார்கள். காசு கொஞ்சம் இருந்தால் கறுப்புக் கட்டைக் குழாய்களுக்குப் போகாமல் இரண்டாவது அடிப்படை செட் ஒன்றும், குழாயின் ஒரு முனையில் மாட்டும் மூடிகளும் வாங்குங்கள். மூடி மாட்டினால் அதே குழாய் ஒரு ஸ்தாயி (மேல் ஸவிலிருந்து கீழ் ஸ வரையுள்ள அளவு) கீழே இறங்கிப் பேசும், மேல் ஸ்தாயிக் கிணுகிணுப்பு பிடிக்காத பிள்ளைகள் இந்தக் கனத்த ஓசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

வெயில் படும் ஜன்னலோரத்தில் அடுக்காதீர்கள், வளைந்த குழாயைச் சரிசெய்ய முடியாது. பார்சல் வந்த அன்றைக்கே போனில் ட்யூனர் ஆப் போட்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள்: நீளச் சிவப்பு 262 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் குட்டைச் சிவப்பு 523 பக்கத்திலும் காட்ட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.